இரண்டு புள்ளி மூன்று

மருந்துப் பேழை இன்றும் திறக்கவில்லை.

இசக்கியம்மாள் நெற்றியில் கட்டியிருந்த நோவுப்பட்டையை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். 2.3 என்று பச்சை எழுத்தில் வந்தது. அதன் கீழே, ‘லேசான வலி. சாதாரண மாத்திரை போதும். விரைவில் நலம் பெறுங்கள்’ என்று அன்பாக ஒரு வரி. பேழையின் அடியிலிருந்த கிண்ணத்தில், தலைவலிக்குப் போடும் வெள்ளை மாத்திரை இரண்டு விழுந்தன.

“ஏட்டி மதி, நல்லாப் பாரு. பட்டை சரியா உக்காரலையோ என்னமோ.”

தங்கை பட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி கட்டிவிட்டாள். மறுபடியும் 2.3. பாளையங்கோட்டை மருந்தகத்தில் அவர்களுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். “எக்கா, வந்ததை எடுத்துட்டு நகருங்க. நாங்களும் வலியோடதான நிக்கோம்” என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை. இசக்கியம்மாள் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். அரசுப் பேருந்தில் இருபத்தெட்டு வருடம் நடத்துநராக நின்றவள் அவள். நிற்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இப்போது கணையத்தில் புற்று. நான்கு மாதம் தாங்கலாம் என்று ஸ்கேன் படம் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நோவுப்பட்டை செய்வது எளிமையான வேலை. நரம்பு வழியாக மூளைக்குப் போகும் வலிச் செய்தியைப் படித்து, சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லும். எண் நான்கைத் தாண்டினால் பேழையின் முதல் அறை திறக்கும். ஏழைத் தாண்டினால் இரண்டாம் அறை. நோயாளி அழுதாலும் சரி, மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் சரி, வேறு எதற்கும் திறக்காது. எண்பது நாடுகளில் பதினெட்டு வருடமாக இதுதான் சட்டம். நோயின் பெயரைக் கேட்டு வலியை ஊகிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் முதல் வரி. புற்று என்று சொன்னதும் உச்சுக் கொட்டிப் பேழையைத் திறந்துவிட இயந்திரத்துக்குத் தெரியாது.

அந்த முதல் வரியை எழுதியவள் சுவரோரம் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கைதான். டாக்டர் மதிவதனி, உலக வலியியல் கழகத்தின் அளவுக் குழுத் தலைவி.

இயந்திரத்தைத் திட்டிவிடுவது எளிது. அதற்கு முந்தைய காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தேய்த்த சட்டையும் நல்ல ஆங்கிலமும் வைத்திருந்தவர் ‘தாங்க முடியவில்லை’ என்றால் ஊசி உடனே வரும். சித்தாள் வேலை பார்த்தவள் அதையே சொன்னால் “சும்மா நடிக்காதே” என்று பதில் வரும். பிரசவ அறையில் கத்தியவளுக்குத் தொடையில் அடி விழும். இன்னொரு பக்கம், கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்தே ஊர் ஊராக மருந்துக்கு அடிமையான நாடுகளும் இருந்தன. மதிவதனி பயிற்சி மருத்துவராக இருந்தபோது இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கொதித்துப்போய்தான் கழகத்தில் சேர்ந்தாள். யாருடைய வலியும் யாருடைய தயவிலும் நிற்கக் கூடாது என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். வயிற்றெரிச்சலே அதுதான்.

கழகத்தில் இருந்தவர்களும் நல்லவர்களே. வலியைப் பற்றிப் பாடம் எடுப்பவன் வலியை அறிந்திருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நம்பியவர்கள். நோவுப்பட்டைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒருவரிடம் பதிவு செய்த வலியை இன்னொருவருக்கு அப்படியே ஊட்டும். உடம்புக்குக் கேடு வராது, வலி மட்டும் வரும். இதற்குப் பகிர்வு என்று பெயர். உறுப்பினராகச் சேருபவர் நூறு பகிர்வு முடித்தாக வேண்டும். பல்வலி, சிறுநீரகக் கல், தீக்காயம், பிரசவம், ஒன்றையும் விட மாட்டார்கள். மாநாடு தொடங்கும்போது மற்றவர்கள் குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். இவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் ஒரே வலியைச் சேர்ந்து அனுபவிப்பார்கள். யாரும் முனக மாட்டார்கள். முனகினால் மரியாதைக் குறைவு.

பட்டைக்கு எண் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்களும் இவர்களே. ஒவ்வொரு வலிப்பதிவையும் அனுபவித்துப் பார்த்து, ‘இது மூன்று, இது ஆறு’ என்று மதிப்பெண் போட்டார்கள். அந்தச் சராசரியே உலகத்தின் அளவானது. வலியைப் பற்றி வேறு யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்தவர்களிடம்தானே கேட்க முடியும்!

மருந்தகத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை, மதிவதனி கழகத்தின் பழைய ஆவணங்களைத் திறந்தாள். அக்காவின் வலிக்கு மிக அருகில் எந்தப் பதிவு இருக்கிறது என்று தேடினாள். எண்பத்தெட்டாம் பதிவு கிடைத்தது. யாரோ ஒரு மீனவருடையது, அதே கணையப் புற்று. உறுப்பினர்கள் போட்ட மதிப்பெண்கள் வரிசையாக இருந்தன. 2.1, 2.4, 2.2, 2.5. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற ஒற்றுமை.

அதற்குக் கீழே ‘நீக்கப்பட்டவை’ என்று ஒரு பகுதி. பதினெட்டு வருடத்தில் யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது. எதிரே காரணம் எழுதியிருந்தது. ‘முதல் பகிர்வு. அலறினார்.’ ‘முதல் பகிர்வு. பட்டையைப் பிய்த்து எறிந்தார்.’ நான்காவது வரியில், ‘மதிவதனி, இந்தியா. முதல் பகிர்வு. ஒன்பது. வாந்தி எடுத்தார்.’

அவளுக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தன் பெயரை வைத்துத் தொடர்ந்து தேடினாள். அதே பதிவுக்கு அவள் பிறகு போட்ட மதிப்பெண்கள் கிடைத்தன. பத்தாவது பகிர்வுக்குப் பின் ஏழு. நாற்பதுக்குப் பின் ஐந்து. எழுபதில் மூன்று. நூறில் இரண்டு. எல்லோருடைய எண்களும் இதே படியில்தான் இறங்கியிருந்தன. எண்கள் இறங்கி ஓரிடத்தில் நிலைப்பதைப் பார்த்து, பயிற்சியால் துல்லியம் கூடுகிறது என்று அவர்கள் கட்டுரை எழுதினார்கள். அதற்குக் கழகத்தின் பதக்கம்கூடக் கிடைத்தது. மதிவதனியின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது.

கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் போய் இட்லிக் கொப்பரை சுடுகிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? அவர் பொய் சொல்ல மாட்டார். அவருக்குச் சுடாது. அவ்வளவுதான். உலகத்திலுள்ள அத்தனை பேரின் வலியையும் அப்படிப்பட்ட கைகளை வைத்து அளந்திருக்கிறோம் என்று மதிவதனிக்குப் புரிந்தது. பதினெட்டு வருடம். எண்பது நாடு. எத்தனை பேர் வெள்ளை மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்!

அடுத்த வாரம் பினாங்கில் மாநாடு. அதை விட்டால் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான். அக்காவுக்கு அவ்வளவு நாள் இல்லை. பதினைந்து நிமிடம் பேச நேரம் கேட்டு எழுதினாள், கிடைத்தது.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி ஒருவரின் வலியை அவைமுன் வைத்தால், அவருடைய சொற்களை அவருடைய மொழியிலேயே வாசிக்க வேண்டும். அதை இயந்திரம் மொழிபெயர்க்கக் கூடாது, மனிதர்தான் செய்ய வேண்டும். வலிக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனிச் சொல் இருக்கிறது என்று ஆரம்ப காலத்தில் யாரோ அக்கறையாகக் கொண்டுவந்த ஏற்பாடு. அதனால் மதிவதனி அக்காவின் வலியைப் பட்டையில் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படி வலிக்குன்னு சொல்லுக்கா, எழுதிக்கிடுதேன்” என்றாள்.

“என்னத்தட்டி சொல்ல? மத்தைப் போட்டுக் கடையுத மாதிரி இருக்கு. கடைஞ்சிட்டு நிறுத்துமான்னா நிறுத்தாது. முன்னல்லாம் பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குவேன். இப்பம் படுத்தாலும் கண்ணு அடைக்க மாட்டேங்கு.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். “போதும்ட்டி. வெறும் ரெண்டுக்கு எதுக்கு இம்புட்டு எழுதணும்?”

பினாங்கு அரங்கத்தில் அறுநூறு உறுப்பினர்கள் இருந்தார்கள். மதிவதனி பழைய எண்களைத் திரையில் காட்டினாள். ஒன்பதிலிருந்து இரண்டு வரை இறங்கும் படியைக் காட்டினாள். தன்னுடைய வாந்தியையும் மறைக்கவில்லை. “நாம் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தோம். மரத்துப்போயிருக்கிறோம். அளவைத் திருத்தும்வரை பேழைகளைப் பட்டையிலிருந்து விடுவிக்க வேண்டும்” என்றாள்.

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கழகத் தலைவர் ஒட்டியெனோ கென்யாக்காரர், எழுபது வயது, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மதிவதனியோடு சேர்ந்து அந்தச் சட்டத்துக்காக நாடு நாடாக அலைந்தவர். அவர் எழுந்து, “டாக்டர் மதிவதனி சொல்வதை நாம் தட்டிக்கழிக்க முடியாது. விவாதம் வேண்டாம். அந்தச் சகோதரியின் வலியை நாமே வாங்கிப் பார்ப்போம். தவறு இருந்தால் தெரிந்துவிடும்” என்றார். அரங்கம் கை தட்டியது.

மறுத்திருக்க வேண்டும். தன் வாதத்தின்படி இந்த அறுநூறு பேரும் அளக்கத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மதிவதனிக்கு ஒரு நப்பாசை. உண்மை தெரிந்த பிறகு வாங்கினால் உறைக்கும் என்று நம்பினாள். அதைவிட, அக்கா என்ன படுகிறாள் என்று தானும் ஒரு முறை தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளில் அதைச் செய்யத் துணிவு வரவில்லை.

முதலில் அக்காவின் சொற்களை வாசித்தாள். கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்ப்பாளர் குணசீலன் இருந்தார், பினாங்குத் தமிழர், முப்பது வயதிருக்கும். ‘மத்தைப் போட்டுக் கடையுத மாதிரி’ என்ற இடத்தில் அவர் தடுமாறியது எல்லோர் காதிலும் கேட்டது. ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார், திருத்தினார், மன்னிப்புக் கேட்டார்.

பிறகு எல்லோரும் எழுந்து நின்று பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு நிமிடம்.

மதிவதனி கண்ணை மூடினாள். வயிற்றின் ஆழத்தில் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது. நேரம் தவறிச் சாப்பிட்டால் வருமே ஒரு தொந்தரவு, அந்த அளவுக்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரும், வரும் என்று நினைத்தாள். கூடப் பிறந்தவள், ஒரே தட்டில் சோறு தின்றவள், கொஞ்சமாவது வலிக்கக் கூடாதா? வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் கூடவில்லை. இரண்டு. மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால் இரண்டேதான். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அது வலியால் வந்ததில்லை.

அப்போதுதான் அலறல் கேட்டது. அரங்கத்தில் யாரும் கத்தவில்லை. மொழிபெயர்ப்பு கேட்கக் காதில் மாட்டியிருந்த கருவி வழியாக அறுநூறு பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. எந்த மொழியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த ஒரே சத்தம்தான்.

ஓடிப்போய்க் கண்ணாடி அறையைத் திறந்தார்கள். குணசீலன் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் கிடந்தார். எல்லா இருக்கையிலும் வைத்ததுபோல அந்த அறையிலும் வைத்திருந்த பட்டை அவர் நெற்றியிலிருந்து நழுவிக் கழுத்தில் தொங்கியது. அவர் கழக உறுப்பினர் இல்லை. வாழ்க்கையில் அதுவரை பட்டையின் மறுபக்கத்தைக் கட்டிப் பார்த்ததும் இல்லை.

“எதுக்குங்க கட்டுனீங்க?” என்று மதிவதனி அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“கடையுதுன்னு சொன்னீங்கள்ல டாக்டர். அதுக்கு என்ன சொல்லு போடுறதுன்னு தெரியல. தப்பாச் சொல்லிடக் கூடாதேன்னுதான்...” பிறகு, “அந்தம்மா இத எத்தன நாளா வச்சிருக்காங்க?” என்றார்.

“ஏழு மாசம்.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“எண் சொல்லுங்க குணசீலன். பத்துக்கு எத்தனை?”

“பத்துக்கு மேல இருந்தா அதப் போட்டுக்குங்க.”

மதிவதனி மேடைக்கு ஓடினாள். உறுப்பினர்களின் சராசரி திரையில் வந்திருந்தது. 2.2. அவள் அதைக் காட்டிச் சொன்னாள். “ஒரே வலி, ஒரே நிமிடம். நமக்கு இரண்டு, அவருக்குப் பத்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பேழை முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் அவரைப் போன்றவர்கள். நம்மைப் போல ஒருவர்கூட இல்லை.”

பலர் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். போலந்து நாட்டு மருத்துவர் ஒருவர் குணசீலனுக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஒட்டியெனோ செயலரிடம் குனிந்து ஏதோ கேட்டார். விதிநூலை வாங்கிப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“பதினோராம் விதி. நூறு பகிர்வு முடிக்காதவர் சொல்லும் எண் கணக்கில் சேராது. அச்சத்தையும் வலியையும் பிரித்தறியும் பயிற்சி அவருக்கு இல்லை. இது யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியும், மதிவதனி.”

தெரியும். கடைசி வாக்கியத்தில் ‘எவருக்கும் விலக்கு இல்லை’ என்று சேர்த்ததும் அவள்தான். செல்வாக்குள்ளவர்கள் குறுக்கு வழியில் புகுந்துவிடக் கூடாதே என்று அன்று அவ்வளவு கவலைப்பட்டாள்.

வாக்கெடுப்பு நடந்தது. அளவு சரி என்று ஐந்நூற்றுத் தொண்ணூறு பேர். கூடப் பிறந்தவளைப் பற்றிய கவலையில் டாக்டர் மதிவதனி பேசுகிறார் என்று தீர்மானத்தில் மிகுந்த பரிவோடு குறிப்பிட்டார்கள். அவருக்கு ஓய்வு தேவை என்றும் சேர்த்தார்கள். இசக்கியம்மாளின் வலிப்பதிவைக் கல்விக் குழு ஏற்றுக்கொண்டது. இனி எண்பது நாட்டு மாணவர்களும் அதை ‘லேசான வலி’ என்ற பாடத்தில் படிப்பார்கள். குணசீலனின் அலறலும் பாடத்தில் சேர்ந்தது, பயிற்சியில்லாதவர் எப்படித் தவறாக மதிப்பிடுவார் என்பதற்கு எடுத்துக்காட்டாக.

இரண்டு நாள் கழித்து மதிவதனி ஊர் திரும்பினாள். வீட்டுக்குள் நுழையும்போது பிற்பகல் மூன்று மணி. அக்கா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்திருந்தாள். தங்கையைக் கண்டதும் அவசரமாக அதை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“வந்துட்டியா? சாப்பிட்டியாட்டி? அங்கன சோறு கெடைச்சுதா?”

“கெடைச்சுதுக்கா.”

“என்ன சொன்னாங்க உங்க ஆளுங்க?”

மதிவதனி பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். மேல்முறையீடு, மறு ஆய்வு, அமைச்சருக்கு மனு என்று நிறைய இருந்தது. எதுவும் நான்கு மாதத்துக்குள் நடக்கப் போவதில்லை.

“எல்லாரும் ஒன் வலியைக் கட்டிப் பாத்தாங்கக்கா.”

“எத்தனை பேரு?”

“அறுநூறு பேரு.”

“அடியாத்தீ!” அக்கா கண்ணை விரித்தாள். “பாவம்ட்டி. எதுக்கு அம்புட்டுப் பேருக்கும் குடுத்தே?” பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள். “நீயும் கட்டுனியா?”

“கட்டுனேன்.”

“எத்தனை போட்டே?”

வலியைப் பற்றி இந்த உலகத்தில் மதிவதனி அளவுக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவள் தன் அக்காவின் நெற்றியில் கை வைத்தாள். வியர்வையில் ஈரமாக இருந்தது.

“பத்துக்கா. தாங்க முடியல. கத்திட்டேன்.”

மதிவதனி கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து சொன்ன ஒரே பொய் எண் அது. அக்காவின் வலிக்கு அவள் சொன்ன சரியான எண்ணும் அது ஒன்றுதான்.

இசக்கியம்மாளின் உதடு கோணியது. ஏழு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“அப்பம் எனக்கு நெசமாத்தான் வலிக்கு,” என்றாள். “மிஷினு வேற ரெண்டு ரெண்டுங்கு, நீயும் ஒண்ணும் சொல்லல. நாந்தான் நடிக்கேனோன்னு நெனச்சுட்டேன்ட்டி.”